தட்டிப் பார்த்து வாங்க கார் என்ன தேங்காயா?

என் பழைய மாணவர்களுக்கும் சொந்தபந்தங்களுக்கும் கொஞ்சம் நீளமான பதிவு. ‘சார், விடையை மட்டும் சொல்லிடுங்க’ என்று கேட்பவர்கள் அப்போதும் என்னிடம் திட்டு வாங்கினார்கள், இப்போதும் வாங்குவார்கள். உட்கார்ந்து படியுங்கள்.

விஷயம் உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மூன்று வாரத்துக்கு முன்னால் என் அண்ணன் மகள், மாப்பிள்ளை, சம்பந்தியம்மா, நாலு வயசுக் குழந்தை நால்வரும் சென்னையிலிருந்து திருச்சிக்கு வந்துகொண்டிருந்தார்கள். உளுந்தூர்பேட்டை தாண்டி, விடிகிற நேரம். குறுக்கே மாடு வந்திருக்கிறது. மாப்பிள்ளை ஒடித்ததில் வண்டி ஒரு சின்னப் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் நேராகப் போய் மோதிவிட்டது. மாப்பிள்ளைக்கு நெஞ்சின் குறுக்கே பெல்ட் அழுத்திய நீலத் தடம். அண்ணன் மகளுக்கு மணிக்கட்டில் சிராய்ப்பு. பின் சீட்டில் பெல்ட் போடாமல் உட்கார்ந்திருந்த சம்பந்தியம்மாவுக்குக் காறை எலும்பு முறிவு. குழந்தைக்குப் பெரியவர்கள் போடும் பெல்ட்டைக் கட்டியிருந்தார்கள், அது கழுத்தோரம் உரசிக் காயம். அவ்வளவுதான். நாலு பேரும் வீடு வந்து சேர்ந்துவிட்டார்கள். குலதெய்வத்துக்குப் பொங்கல் வைத்தாயிற்று. நல்லது. அந்தக் காருக்கு மட்டும் ஒருவர்கூட நன்றி சொல்லவில்லை.

நன்றி வேண்டாம், திட்டாமலாவது இருக்கலாம். பார்க்க வந்த அத்தனை பேரும் போனில் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு ஒரே பாட்டைத்தான் பாடினார்கள். “பானெட் அப்பளமாட்டம் நொறுங்கிப் போச்சே.” “தகர டப்பாவைத் தலையில கட்டிட்டான்.” “எங்க அப்பா வச்சிருந்த அம்பாசிடரா இருந்தா சுவரு விழுந்திருக்கும்.” நானும் அந்தப் போட்டோவைப் பார்த்தேன். இஞ்சின் இருக்கிற பகுதி முழுக்க மடிந்து கண்ணாடி வரைக்கும் வந்திருந்தது. கண்ணாடிக்குப் பின்னால்? கூரை நேராக இருந்தது. தூண்கள் நேராக இருந்தன. நாலு கதவும் கையால் இழுத்தவுடன் திறந்ததாக மாப்பிள்ளையே சொன்னார். அந்தப் போட்டோவில் பார்க்க வேண்டியது அதுதான். அதை யாரும் பார்க்கவில்லை.

இப்போது புது வண்டி பார்க்கிறார்கள். எப்படிப் பார்க்கிறார்கள் தெரியுமா? ஷோரூமுக்குப் போய்க் கதவைத் தட்டிப் பார்க்கிறார்கள். பானெட்டைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்க்கிறார்கள். ‘டொம்’ என்று சத்தம் வந்தால் நல்ல வண்டி, ‘டங்’ என்று வந்தால் மட்டம். கதவு மேல்தகட்டின் சத்தம் பெரும்பாலும் உள்ளே ஒட்டியிருக்கிற ரப்பர் அட்டையைப் பொறுத்தது. மோதலில் உயிரைக் காக்கும் பாகம் அந்தத் தகட்டுக்குப் பின்னால், உங்கள் கட்டைவிரலுக்கு எட்டாத இடத்தில் இருக்கிறது. தேங்காயைத் தட்டினால் உள்ளே இருப்பது தெரியும். காரைத் தட்டினால் தெரியாது.

இதோடு நின்றிருந்தால் எழுதியிருக்க மாட்டேன். எங்கள் குடும்பக் குரூப்பில் ஒருவர் அமெரிக்க எவர்சில்வர் வண்டியின் வீடியோவைப் போட்டார். ஒருவர் சம்மட்டியால் கதவை அடிக்கிறார், கதவு நசுங்கவில்லை. ‘இதுதாண்டா வண்டி’ என்று அதற்குக் கீழே முப்பது கட்டைவிரல். என்னிடம் படித்த ஒரு பிள்ளை, இப்போது நல்ல வேலையில் இருப்பவன், “ஏன் சார், எல்லாக் காரையும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்லயே செஞ்சா என்ன?” என்று கேட்டான். நல்ல கேள்வி, பதில் சொல்கிறேன். ஆனால் அதைவிட அவசரம் ஒன்று இருக்கிறது. மாப்பிள்ளை புது வண்டிக்கு முன்னால் மாட்ட, பளபளவென்று எவர்சில்வர் பைப்பில் ஒரு முட்டுக் கம்பிக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டார். அதைத் தடுக்கத்தான் இந்தப் பதிவு. மாப்பிள்ளை கோபித்துக்கொள்ள வேண்டாம். தனியாகச் சொன்னால் “சரிங்க மாமா” என்று சொல்லிவிட்டு மாட்டிவிடுவார், அதனால்தான் ஊர் அறியச் சொல்கிறேன்.

முதலில் கணக்கு. பயப்படாதீர்கள், பதினோராம் வகுப்புக் கணக்குதான். மோதல் சோதனைகளில் முன்பக்க மோதலுக்கு வைக்கும் வேகம் மணிக்கு 64 கி.மீ. நொடிக்குக் கிட்டத்தட்ட 17.8 மீட்டர். ஒரு மனிதன் 16 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது ஐந்தாம் மாடியிலிருந்து, கீழே விழுந்தால் தரையைத் தொடும்போது இருக்கும் வேகம் இது. நெடுஞ்சாலையில் 64-ல் போகிறவனை நாம் பின்னாலிருந்து ஹார்ன் அடித்து விரட்டுவோம். ஐந்தாம் மாடியிலிருந்து குதிக்கிறவனைப் பார்த்து அப்படிச் செய்வோமா?

அந்த வேகம் பூஜ்ஜியமாக வேண்டும். எவ்வளவு தூரத்தில் ஆகிறது என்பதில்தான் உயிர் இருக்கிறது. வண்டி மடங்கவே மடங்காமல் 10 செ.மீ.க்குள் நின்றுவிட்டால், உள்ளே கட்டிப்போட்ட உடம்பின் மீது புவியீர்ப்பைப்போல் ஏறக்குறைய 160 மடங்கு இழுப்பு வரும். 60 கிலோ மனிதருக்கு அது ஒன்பதரை டன் சுமை. முன்பக்கம் 60 செ.மீ. மடங்கி நின்றால் அதே கணக்கு 27 மடங்காகக் குறைகிறது, ஒன்றரை டன்னுக்குச் சற்று மேல். அதுவும் கொடுமைதான், நெஞ்சில் நீலத் தடம் போடும். ஆனால் அந்தத் தடத்தோடு மாப்பிள்ளை சோபாவில் உட்கார்ந்து காபி குடிக்கிறார். கணத்தாக்குப் பாடத்தில் ‘கிரிக்கெட் வீரர் பந்தைப் பிடிக்கையில் கையைப் பின்னுக்கு இழுப்பது ஏன்’ என்று இரண்டு மதிப்பெண் கேள்வி கேட்பேன். எல்லோரும் சரியாக எழுதினீர்கள். எழுதி மதிப்பெண் வாங்கிக்கொண்டு, கையை இழுக்காத காரைத் தேடுகிறீர்கள்.

இதை முதலில் யோசித்து வடிவம் கொடுத்தவர் பேலா பரேன்யி என்ற இஞ்சினியர். மெர்சிடிஸ் பென்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். 1950-களின் தொடக்கத்தில் அவர் வாங்கிய காப்புரிமையின் சாரம் இதுதான்: ஆட்கள் உட்காரும் நடுப்பெட்டி உறுதியாக இருக்கட்டும், முன்னாலும் பின்னாலும் இருக்கும் பகுதிகள் மடங்கட்டும். 1959-ல் அந்த யோசனையோடு பென்ஸ் கார் வந்தது. அதுவரை, கெட்டியான வண்டிதான் பத்திரம் என்று உலகம் முழுக்க நம்பினார்கள். நம் குடும்பக் குரூப்பில் இன்னமும் 1959 பிறக்கவில்லை.

அந்தக் காலத்து இரும்பு பற்றியும் சொல்லிவிடுகிறேன், அம்பாசிடர் பக்தர்கள் மனம் வருந்தக் கூடாது. எனக்கும் அந்த வண்டி பிடிக்கும், என் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை அழைப்பே அதில்தான். 2009-ல் அமெரிக்காவில் இன்ஷூரன்ஸ் நிறுவனங்களின் பணத்தில் நடக்கும் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிறுவனம் ஒரு வேலை செய்தது. 1959-ம் வருஷத்துச் செவ்ரோலே பெல் ஏர் காரையும், 2009-ம் வருஷத்துச் செவ்ரோலே மாலிபு காரையும் மணிக்கு 64 கி.மீ. வேகத்தில் எதிரும் புதிருமாக, பாதி முகத்தோடு பாதி முகம் மோதவிட்டது. பெல் ஏர் கப்பல் மாதிரி நீளமான இரும்பு வண்டி. மோதிய பிறகு அதன் டிரைவர் பக்கம் தூணும் டேஷ்போர்டும் ஸ்டியரிங்கும் சேர்ந்து பொம்மையின் மீது வந்து விழுந்துவிட்டன. உயிருள்ள ஆளாக இருந்தால் பிழைத்திருக்க மாட்டார். மாலிபுவின் முன்பக்கம் கூழாகிவிட்டது, உள்ளே இருந்த பொம்மைக்குக் காலில் அடி, அவ்வளவுதான். வீடியோ யூடியூபில் இருக்கிறது. சம்மட்டி வீடியோவுக்கு முப்பது கட்டைவிரல் போட்டவர்கள் இதையும் ஒருமுறை பார்க்கவும்.

இனி எவர்சில்வர்.

ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தம், அல்லது கொஞ்சம் வலுவான காந்தம் எதுவானாலும் சரி. அதை எவர்சில்வர் டம்ளரின் வழவழப்பான பக்கத்தில் வையுங்கள். நல்ல டம்ளரானால் ஒட்டாது. இப்போது வாய் விளிம்பு உருட்டிய இடத்திலும் அடிப்பக்கம் வளைகிற மூலையிலும் வைத்துப் பாருங்கள். லேசாக இழுக்கும். ஒரே தகடு, ஒரே டம்ளர். ஒரு இடத்தில் இழுக்காத காந்தம் இன்னொரு இடத்தில் ஏன் இழுக்கிறது? அந்தத் தகட்டில் குரோமியம், நிக்கல் கலந்து, இரும்பின் அணுக்கள் ‘ஆஸ்டனைட்’ என்ற அடுக்கில் இருக்கின்றன. அந்த அடுக்குக்குக் காந்தம் பிடிக்காது. தகட்டை மடக்கும்போது, மடங்கிய இடத்தில் மட்டும் அடுக்கு மாறி ‘மார்ட்டன்சைட்’ ஆகிறது. அதற்குக் காந்தம் பிடிக்கும், அதோடு அது முன்னைவிடக் கடினமாகவும் ஆகிவிடுகிறது.

கார் மோதலுக்கு இது எவ்வளவு பெரிய வரம் என்று பாருங்கள். முன்பக்கத்துச் சட்டக் குழாய் எவர்சில்வரில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மோதியதும் ஒரு இடம் மடங்கும். மடங்கிய இடம் கடினமாகிவிடுவதால் அடுத்த மடிப்பு பக்கத்து இடத்தில் விழும். அதுவும் கடினமாகும், அடுத்தது. ஆர்மோனியத் துருத்தி போல வரிசையாக மடிந்துகொண்டே போய் ஒவ்வொரு மடிப்பிலும் வேகத்தை வாங்கிக்கொள்ளும். 304 என்ற வகைத் தகட்டை இழுத்தால், அறுபடும் முன் தன் நீளத்தில் பாதி அளவு கூட நீண்டு கொடுக்கும். சாதாரண இரும்புத் தகடு அந்த அளவுக்கு வராது. மோதலில் எவர்சில்வரின் பெருமை இதுதான்: அது நன்றாக வளைகிறது, கிழியாமல் வளைகிறது, வளைய வளைய எதிர்க்கிறது. வீட்டில் சொம்பு கீழே விழுந்தால் உடையாமல் ஒடுங்குகிறதே, அந்தக் குணம். பாட்டி காலத்துச் சொம்பில் இருக்கும் ஒவ்வொரு ஒடுக்கும் அது வாங்கிக்கொண்ட அடி.

சம்மட்டி வீடியோ இதற்கு நேர் எதிரானதைக் காட்டிக் கை தட்டல் வாங்குகிறது. அந்த டெஸ்லா சைபர்டிரக் கதவுத் தகடு சாதாரண காரின் தகட்டைப்போல் இருமடங்குக்கு மேல் தடிமன். குளிர்நிலையில் உருளைகளுக்கிடையே அழுத்தி அழுத்திக் கடினமாக்கிய தகடு. அப்படிக் கடினமாக்கும்போது என்ன நடக்கிறது? மோதலில் செலவாக வேண்டிய வளையும் குணம் தொழிற்சாலையிலேயே பெரும்பகுதி செலவாகிவிடுகிறது. அச்சில் வைத்து வளைவு நெளிவு கொடுக்க முடியாத அளவுக்கு அது கடினம், அதனால்தான் அந்த வண்டி அட்டைப்பெட்டி மடித்த மாதிரி நேர்க்கோடு நேர்க்கோடாக இருக்கிறது. அதையும் அழகு என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். எனக்குக் காய்கறி வண்டி ஞாபகம்தான் வருகிறது.

நியாயமாகப் பேச வேண்டும். அமெரிக்க அரசின் மோதல் சோதனையில் அந்த வண்டி ஐந்து நட்சத்திரம் வாங்கியிருக்கிறது. ஆனால் எதனால் வாங்கியது? தோலுக்கு அடியில், முன்னாலும் பின்னாலும், அலுமினிய வார்ப்புச் சட்டங்கள் இருக்கின்றன. முன்மோதலில் மடங்கி உடைந்து அடியை வாங்குவது அந்த உள் அமைப்பு. பெல்ட்டும் காற்றுப்பையும் மீதியைப் பார்த்துக்கொள்கின்றன. 2019-ல் அறிமுகம் செய்தபோது, வெளித்தகடே எலும்புக்கூடு, நண்டு ஓடு மாதிரி என்று சொன்னார்கள். விற்பனைக்கு வந்தபோது உள்ளே வழக்கமான பாணியில் தனியாக உடற்சட்டம் இருந்தது. 2025 மார்ச்சில் நாற்பத்தாறாயிரம் வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். காரணம், கண்ணாடி ஓரத்துக் கூரைப் பட்டையின் எவர்சில்வர் தகடு பசை விட்டுக் கழன்று ரோட்டில் விழக்கூடும் என்பது. பசை போட்டு ஒட்டிய தகடு, ஆமாம். சம்மட்டிக்கு அசையாத வண்டியில்.

இது முதல் முறையும் இல்லை. 1981-ல் வட அயர்லாந்தின் டன்மரி ஊரில் டெலோரியன் என்ற கார் வந்தது. பெயின்ட் அடிக்காத எவர்சில்வர் உடம்பு, இறக்கை மாதிரி மேலே தூக்கும் கதவு. ‘பேக் டு தி ஃப்யூச்சர்’ படத்தில் காலத்தைத் தாண்டிப் போகுமே, அதே கார். சுமார் ஒன்பதாயிரம் வண்டி செய்ததோடு கம்பெனி மூடிப்போனது. அதன் எவர்சில்வரும் போர்வைதான். கீழே கண்ணாடி இழை பிளாஸ்டிக் உடம்பு, அதற்கும் கீழே சாதாரண இரும்புச் சட்டம். எவர்சில்வர் துருப்பிடிக்கவில்லை, அந்த இரும்புச் சட்டம் துருப்பிடித்தது. அதற்கும் முன்னால், 1936-ல், அமெரிக்காவில் அலிகெனி லட்லம் என்ற எஃகு நிறுவனமும் ஃபோர்டும் சேர்ந்து ஆறு எவர்சில்வர் கார்கள் செய்தார்கள். விளம்பரத்துக்காகச் செய்த வண்டிகள். லட்சக்கணக்கான மைல் ஓடியும் உடம்பு அப்படியே இருந்தது. அன்றைக்கும் பேச்சு பளபளப்பைப் பற்றியும் துருவைப் பற்றியும்தான்.

துரு விஷயத்தில் எவர்சில்வர் பக்கம் நியாயம் இருக்கிறது, மறுக்கமாட்டேன். நாகப்பட்டினம், தூத்துக்குடி மாதிரி கடலோர ஊர்களில் பத்து வருஷம் ஓடிய காரின் அடியில் எட்டிப் பாருங்கள். கதவுக்குக் கீழே ஓடும் உத்தரம் அரித்துப்போயிருந்தால், கம்பெனியில் எத்தனை நட்சத்திரம் வாங்கியிருந்தாலும் அந்த வண்டி இப்போது அதே வண்டி இல்லை. இதைச் சோதித்துப் பார்க்கிற பழக்கம் நம்மிடம் இல்லை. மேலே பெயின்டுக்குப் பாலிஷ் போடுவோம்.

ரயிலில் இந்தக் காரணத்துக்காகத்தான் எவர்சில்வர் வந்தது. நம் பெரம்பூர் ஐ.சி.எஃப். பல ஆயிரம் நீலப் பெட்டிகள் செய்தது. அவற்றின் கழிப்பறைக்குக் கீழே தரை அரிப்பது பெரிய தலைவலி. இப்போது அங்கே வருபவை ஜெர்மன் வடிவமைப்பில் எல்.எச்.பி. பெட்டிகள், ஓடு முழுக்க ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். பழைய மாதிரிப் பெட்டி செய்வதை 2018-ல் நிறுத்திவிட்டார்கள். தடம் புரண்டாலும் எல்.எச்.பி. பெட்டிகள் ஒன்றுக்குள் ஒன்று சொருகுவது குறைவு என்று செய்தியில் படிக்கும்போது எல்லோரும் ‘ஸ்டீல் பாடி’ என்கிறார்கள். ஒரு பெட்டி இன்னொன்றின் மேல் ஏறாமல் பிடித்துக்கொள்ளும் நடு இணைப்பானுக்குத்தான் அதில் பெரும் பங்கு. உலோகத்தின் பேர் வெளியே தெரிகிறது, இணைப்பான் இரண்டு பெட்டிக்கு நடுவில் ஒளிந்திருக்கிறது, பாவம்.

அப்படியானால் மடங்கும் சட்டத்தை மட்டுமாவது எவர்சில்வரில் செய்யலாமே என்று என் மாணவன் மடக்குவான். செய்யலாம், செய்து பார்த்தும் இருக்கிறார்கள். தடை காசுதான். நிக்கல் விலை ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். அச்சில் அழுத்தினால் தகடு ஸ்பிரிங் மாதிரிப் பழைய நிலைக்குத் திரும்பப் பார்க்கும், அச்சும் சீக்கிரம் தேயும். எவர்சில்வரும் சாதாரண இரும்பும் தொட்டுக்கொண்டு ஈரத்தில் இருந்தால், பக்கத்து இரும்பு வேகமாக அரிக்கும். வேதியியல் படித்தவர்களுக்கு மின்கலம் ஞாபகம் வரும். அதற்குள் வேறு எஃகுகள் வந்துவிட்டன. போரான் மிகச் சொற்பமாகச் சேர்த்த எஃகுத் தகட்டை 900 டிகிரிக்கு மேல் பழுக்கக் காய்ச்சி, தண்ணீர் ஓடும் அச்சில் அமுக்கி, அச்சுக்குள்ளேயே சட்டென்று குளிரவைக்கிறார்கள். நம்ம ஊர்க் கொல்லர் அரிவாளுக்குத் தண்ணி காட்டும் அதே வித்தை. சாதாரண தகட்டைப்போல் நான்கைந்து மடங்கு பலம் வரும். முன் கதவுக்கும் பின் கதவுக்கும் நடுவே நிற்கும் தூண், கூரை ஓரம், கதவுக்கு உள்ளே குறுக்காக ஓடும் கம்பி எல்லாம் இதில் வருகின்றன. 1984-ல் ஸ்வீடனின் சாப் காரில் கதவுக் கம்பியாகத் தொடங்கியது. மடங்கக் கூடாத இடத்துக்கு அது. மடங்க வேண்டிய இடத்துக்கு, கிழியாமல் மடங்கும் வேறு எஃகு. ஒரே காரில் நாலைந்து ரக எஃகு இருக்கிறது. ‘இந்தக் கார் நல்ல இரும்பா, மட்ட இரும்பா’ என்ற கேள்விக்கே அர்த்தம் இல்லை.

கம்பெனிக்காரர்களை நான் காப்பாற்றுவதாக யாரும் நினைக்க வேண்டாம். 2014 ஜனவரியில் குளோபல் என்கேப் அமைப்பு இந்தியாவில் அதிகம் விற்ற சிறிய கார்கள் ஐந்தை, காற்றுப்பை இல்லாத மலிவு மாடல்களை, 64 கி.மீ.யில் மோதிப் பார்த்தது. ஐந்துக்கும் பெரியவர் பாதுகாப்பில் பூஜ்ஜியம். அதில் மூன்று வண்டிகளின் நடுப்பெட்டியே தாங்கவில்லை. மீதி இரண்டில் பெட்டி தாங்கியது, ஆனாலும் பூஜ்ஜியம், ஏனென்றால் காற்றுப்பை இல்லாமல் தலை நேரே ஸ்டியரிங்கில் அடித்தது. அந்த இரண்டில் ஒன்றை இரண்டு காற்றுப்பையோடு மறுபடி சோதித்தபோது நாலு நட்சத்திரம். அதே இரும்பு, அதே தடிமன். அன்றைக்கு அதே கம்பெனிகள் வெளிநாட்டுக்காரனுக்குக் காற்றுப்பை வைத்துவிட்டு நம்மிடம் மைலேஜ் பற்றிப் பேசினார்கள். நாமும் மைலேஜ்தான் கேட்டோம். 2023 அக்டோபரிலிருந்து பாரத் என்கேப் என்று நமக்கே ஒரு சோதனை வந்திருக்கிறது. முன்மோதல், பக்கமோதல், கம்பத்தில் பக்கவாட்டு மோதல், குழந்தைகளுக்குத் தனி நட்சத்திரம் எல்லாம் உண்டு. ஷோரூமில் கட்டைவிரலை மடக்கி வைத்துக்கொண்டு அந்தத் தாளைக் கேளுங்கள். எந்த மாடலுக்கு, எந்த வருஷம், எத்தனை காற்றுப்பையோடு என்று கேளுங்கள். விற்பனைப் பையன் முழிப்பான். முழிக்கட்டும்.

இப்போது மாப்பிள்ளையின் முட்டுக் கம்பி.

கொஞ்சம் முன்னால் சொன்னேனே, 60 செ.மீ. மடங்கி உயிரைக் காத்தது என்று. அந்த 60 செ.மீ.க்கு முன்னால் இரண்டங்குல எவர்சில்வர் பைப்பை வளைத்து, நேராகச் சட்டத்தின் இரண்டு கைகளிலும் போல்ட் போட்டு இறுக்குகிறார்கள். மோதினால் அடி பம்பரில் பரவி, படிப்படியாக உள்ளே வர வேண்டியது. இப்போது குழாய் வழியாக நேரே சட்டத்துக்குப் போகும், கம்பெனிக்காரன் நினைக்காத கோணத்தில் அதைத் திருகும். காற்றுப்பை எப்போது வெடிக்க வேண்டும் என்று ஆயிரத்தில் சில பங்கு நொடிகளில் முடிவு செய்கிற உணர்கருவி இருக்கிறது. மோதலில் வேகம் எப்படி எப்படிக் குறைகிறது என்பதை வைத்துத்தான் அதன் கணக்கு. கம்பி மாட்டினால் அந்தக் கணக்கு மாறிவிடும். முந்தி வெடிக்கலாம், பிந்தி வெடிக்கலாம், வெடிக்காமலும் போகலாம். பல லட்சம் ரூபாய் கொடுத்து வாங்கிய பாதுகாப்பை, இன்னும் சில ஆயிரம் கொடுத்து வெல்டிங் பட்டறையில் கெடுப்பது என்று இதற்குப் பெயர். மோதலில் எவர்சில்வருக்கு உள்ள ஒரே பெருமை வளைவது என்றேன். அதைக் கொண்டுபோய், வளையக்கூடாது என்ற எண்ணத்தில், காருக்கு முன்னால் கட்டுகிறோம்.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே இது மோட்டார் வாகனச் சட்டம் 52-ம் பிரிவுக்கு விரோதம், நடவடிக்கை எடுங்கள் என்று மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. அபராதத்தைச் சொல்லி உங்களை மிரட்ட எனக்கு விருப்பம் இல்லை. வேறொன்றைச் சொல்கிறேன். 2022-ல் இந்தியச் சாலைகளில் செத்தவர்கள் 1,68,000-க்கு மேல். அதில் நடந்து போனவர்கள் மட்டும் 32,000-க்கு மேல். பைக்கிலும் ஸ்கூட்டரிலும் போனவர்கள் கிட்டத்தட்ட 75,000. இவர்கள் மீது மோதுகிற கார்களின் முன்பக்கத்தை எண்ணிப் பாருங்கள். இப்போதைய கார்களில் பானெட் தகடு மெல்லிசாக இருப்பதற்கும், அதற்கும் இஞ்சினுக்கும் நடுவில் இடைவெளி விடுவதற்கும் ஒரு காரணம், மேலே விழுகிறவனின் மண்டை உடையாமல் தகடு குழிய வேண்டும் என்பது. நீங்கள் கட்டைவிரலால் அமுக்கி ‘ச்சே, மட்டம்’ என்று சொல்கிறீர்களே, அந்தக் குழிவு. அந்த இடத்துக்கு முன்னால் இரும்புக் குழாயை வைத்தால், பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளையின் தலை உயரத்துக்குச் சரியாக வருகிறது. நாற்பது வருஷம் பள்ளிக்கூட வாசலில் நின்று ரோடு கடக்கவைத்தவன் நான். எனக்கு அந்த உயரம் நன்றாகத் தெரியும்.

“எதிர்ல வர்றவன் பார்த்து ஒதுங்குவான் மாமா” என்று மாப்பிள்ளை சொன்னார். பாலத்துச் சுவர் ஒதுங்காது. கனமான வண்டியும் லேசான வண்டியும் மோதினால் கனமானதில் இருப்பவருக்கு அடி குறைவு என்பது உண்மைதான், உந்த அழிவின்மை விதி அப்படி. அதற்காக ஆளாளுக்குக் கம்பி கட்டினால் எதிரே வருபவரும் கட்டியிருப்பார். இரண்டு கம்பிகளும் மடங்காது, இரண்டு குடும்பங்களும் மடங்கும்.

உண்மையைப் பேசலாமா? கம்பி மாட்டுவது உயிருக்காக இல்லை, பெயின்டுக்காக. டவுனில் ஆட்டோ உரசினால் பம்பர் மாற்ற ஆகும் செலவுக்காக. அந்த வலி எனக்குப் புரியாமல் இல்லை, நான் பென்ஷன்காரன். ஆனால் அதை ‘பாதுகாப்பு’ என்ற பேரில் சொல்லாதீர்கள். பம்பருக்கு இன்ஷூரன்ஸ் இருக்கிறது.

போன சனிக்கிழமை, மோதிய வண்டி நிற்கிற யார்டுக்கு நானே போய்ப் பார்த்தேன். மழைத் தண்ணீர் தேங்கியிருந்தது. முன்பக்கத்து இரண்டு கைகளும் துருத்தி போல மூன்று மூன்று மடிப்பாக மடிந்திருந்தன, கிழியவில்லை. கண்ணாடித் தூணைக் கையால் தடவிப் பார்த்தேன், ஒரு நெளிவு இல்லை. பின் சீட்டில் குழந்தையின் ஒரு செருப்பு கிடந்தது, எடுத்து வந்திருக்கிறேன், அடுத்த முறை வரும்போது வாங்கிக்கொள்ளுங்கள்.

மாப்பிள்ளை, அந்தப் பட்டறைக்காரரிடம் நான் பேசிவிட்டேன். அட்வான்ஸைத் திருப்பித் தருகிறாராம். அந்தப் பணத்தோடு கொஞ்சம் சேர்த்தால் நாலு வயசுக்கு ஏற்ற நல்ல குழந்தை இருக்கை வந்துவிடும். புது வண்டியின் பின் சீட்டு இடுக்கில் அதை மாட்டுவதற்கு இரண்டு வளையம் இருக்கும், டெலிவரி எடுக்கும்போது விரல் விட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். பணம் குறைந்தால் மீதியை நான் தருகிறேன். சம்பந்தியம்மாவிடம் பின் சீட்டு பெல்ட்டைப் பற்றிப் பேசும் பொறுப்பு அண்ணன் மகளுடையது, எனக்கு அந்தத் தைரியம் இல்லை.